பத்து நிமிடம், மூன்று முறை

திமின்ஸில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தேழு.
ஒடீல் காரை ஓட்டிவந்தாள் என்பதைவிட
ஒரு துவாரம் வழியே எட்டிப்பார்த்தபடி வந்து சேர்ந்தாள்.
கண்ணாடியில் அவள் சுரண்டியெடுத்தது
உள்ளங்கை அகலம்தான்.

"வீட்டுக்குள்ளிருந்தே ஸ்டார்ட் ஆகணும்.
புதுசா ரெண்டு சாவியும் வேணும்."
பழையது எத்தனை என்றேன்.
ஒன்று இதோ. இன்னொன்று ரேழானிடம்.
ரேழான் எங்கே என்று கேட்பது
என் தொழிலில் சேராது.

ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.
சிவப்பு, எப்போதும் உயிரோடிருப்பது.
மஞ்சள், ஸ்டார்ட்டருக்குப் போவது.
இளஞ்சிவப்பைத் தொடுமுன்
டெஸ்ட் லைட்டிடம் இருமுறை கேட்க வேண்டும்.
ஒருமுறை கேட்காமல் வெட்டினேன்:
பாதிரியாரின் வேனில் ஏர்பேக் விளக்கு
இன்றுவரை அணையவில்லை.
ஈயம் புகைந்தது.
பானெட்டுக்குள் ஒரு சின்ன ஸ்விட்ச்,
யாராவது கைவிட்டிருக்கையில் இன்ஜின் எழுந்துவிடாதபடி.
பிறகு தீப்பெட்டியளவு ஒரு டப்பா.
சாவி இல்லாதபோதும்
'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று காருக்குச் சொல்லும்.
நாற்பத்தெட்டு டாலருக்கு ஒரு பொய்.

சாவிகளுக்கு, இந்த மாடலில், கருவி வேண்டாம்;
உட்காரத் தெரிந்தால் போதும்.
புதியதைச் செருகித் திருப்பி
டாஷ்போர்டில் பூட்டுச் சின்னம் அணையும்வரை
பத்து நிமிடம்.
நிறுத்தி, மறுபடி பத்து. மறுபடி பத்து.

முதல் பத்தில் அவள் காபி குடித்தாள்.
இரண்டாவதில், சுரங்கத்தில் நாலரை மணி ஷிஃப்ட் என்றாள்,
கீழே இறங்கினால் வியர்க்கிறது,
மேலே வந்தால் கார்க் கதவு கையோடு ஒட்டிக்கொள்கிறது.
மூன்றாவதில் ஒன்றும் சொல்லவில்லை.
சின்னம் அணைந்தது.
மற்ற இரண்டையும் உடனே செருகிச் சேர்த்தேன்.
டப்பாவும் கூடவே கற்றுக்கொண்டது.

"இங்கில்லாத சாவியைக் கார் மறந்தாச்சு," என்றேன்.
"ஆனா இரும்பு இரும்புதான். பல் பொருந்தும்.
கதவைத் திறக்கும், உட்கார விடும்.
இன்ஜின் ரெண்டு நொடி இருமும். அவ்வளவுதான்."
கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"உக்காரட்டும். குளிரும்."

ஒன்பதாம் நாள் ரேழான் வந்தான்.
சாவியைக் கவுண்டரில் வைத்தான்.
"கெட்டுப்போச்சா, பார்."
ரீடரில் வைத்தேன். சிப் தன் எண்ணைத்
திக்காமல் சொன்னது.
"சாவியில குறை இல்ல."

அவன் போகவில்லை.
பின்சீட்டில் கிடந்த ஸ்கேட்டை எடுக்கத்தான் போனானாம்,
விடிகாலை மூன்றே முக்காலுக்கு.
திருப்பினான். இருமியது, செத்தது.
சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருந்தான்.
"திடீர்னு, யாரும் தொடாம,
அது தானா எழுந்துச்சு.
விளக்கு எரியுது. ஹீட்டர் மூஞ்சியில ஊதுது.
அஞ்சு நிமிஷம் இருந்திருப்பேன்,
விரலெல்லாம் திரும்பி வந்துச்சு.
பழக்கத்துல பிரேக்குல கால் வெச்சேன்.
நின்னுடுச்சு."

பிறகு கேட்டான்:
"நான் உள்ள இருந்தது அவளுக்குத் தெரியுமா?"

முன்னூறு மீட்டர் எட்டும், சுவர் தடையில்லை என்றேன்.
அவன் கேட்டது அதை அல்ல.
கார் ஓடினால் ரிமோட்டில் ஆரஞ்சுப் புள்ளி எரியும்,
காருக்குள் யாரென்று காட்டும் மாடல் எதுவும்
என்னிடம் இல்லை என்றேன்.

இருபது டாலர் நீட்டினான். வாங்கவில்லை.
ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன்:
உள்ளே யாராவது பிரேக்கை மிதித்து இன்ஜின் நின்றால்
அவள் உள்ளங்கையில் அது
மூன்று முறை சிணுங்கும்.

அதற்குப் பிறகு மறுபடி அழுத்தினாளா என்று
நானும் அவனைக் கேட்கவில்லை.