நாழிக் கணக்கு

நாலுவழிச் சாலைக்காக இடித்தார்கள்
வில்லுக்குறிக்கு மேற்கே ஒரு பழைய அறைப்புரையை.
மச்சிலிருந்து விழுந்த ஓலைக்கட்டை
அடுப்புக்கு என்று எடுத்துப் போனாள் ஒருத்தி.
இரண்டு கிலோ சீனி கொடுத்து வாங்கினேன்.
சீனி என் சொந்தக் காசு.

நான் நியாயவிலைக் கடை எடையாளர்.
வரலாறு பத்தாம் வகுப்போடு சரி.
ஆனால் எந்தக் கோணல் எழுத்தில் இருந்தாலும்
அரிசிக் கணக்கு அரிசிக் கணக்குதான்.

தக்கலையில் ஜெராக்ஸ் கடை செய்யதலி
பழைய இலக்கப் பட்டியலைப் பெரிதாக்கித் தந்தான்.
இடவப்பாதி மழை முழுக்க
கடையடைத்த பிறகு ஓலையில் எண்ணெய் தடவி
கரி தேய்த்துக் கண்ணை வைத்துக் கிடந்தேன்.

கொல்லம் தொள்ளாயிரத்து,
அதற்கு மேல் கரையான் தின்றிருந்தது.
மருமகனுக்குத்தான் நாடு என்று ஒரு படை
மகனுக்குத்தான் என்று ஒரு படை.
ஓலையில் அதெல்லாம் இல்லை.
இவர்கள் யார் பக்கம் என்றுகூட இல்லை.
கோட்டைப்புறம் காவல் நின்ற பேருக்கு
தலைக்கு நாழி உரி. உப்பு தனி.
யுத்தம் அவ்வளவுதான்.

அப்புறம் பேர்கள்.
உடையான் கோலப்பன். மாடன் சாத்தன்.
மாதேவன்.
இன்னொரு மாதேவன், அடையாளத்துக்குக் காது அறுந்தவன்.
சரல்விளை நீலன்.

ஆடி ஒன்பது: ஆள் அறுபத்து நாலு, அரிசி தொண்ணூற்றாறு நாழி.
ஆடி பத்துக்கு ஓலை இல்லை.
ஆடி பதினொன்று: ஆள் நாற்பத்தொன்று.
எழுத்தாணியை அழுத்தியிருக்கிறான் அந்த இடத்தில்,
கீறல் மறுபுறம் தெரிகிறது.
(ஓலை அங்கே மெலிசு. நானாக நினைப்பதாகவும் இருக்கலாம்.)

பட்டவர் பேர் தனி ஓலை. இருபத்து மூன்று.
பில் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை வேளிமலை அடிவாரம் வரை போய்
மரச்சீனித் தோட்டத்து ஓரம் நின்று வாசித்தேன்.
ரப்பர் வெட்டுகிறவன் கேட்டான்,
லிஸ்டில் எங்க பேரு உண்டா, வீடு குடுக்காவளா?

இரவு கணக்கு உதைத்தது.
ஆள் நாற்பத்தொன்று. அரிசி அறுபத்து மூன்று நாழி.
நாழி உரி கூடுதல்.
தேடினால், நீலன்.
பட்டவர் ஓலையில் ஏழாவது பேர்.
மறுநாளிலிருந்து அரிசி வாங்குகிறான்.

எனக்குத் திருட்டு தெரியும்.
திருடுகிறவன் ஒரு பேரோடு நிறுத்தமாட்டான்,
ஐந்தாவது வைத்திருப்பான்.
இது ஒன்றே ஒன்று. ஆவணி, புரட்டாசி, தை.
சண்டை ஓய்ந்து, காவல் கலைந்து,
ஆள் பன்னிரண்டாகச் சுருங்கிய பிறகும்
நீலன் பேருக்கு நாழி உரி.
மறு ஆனியில் கடைசி வரி:
பிள்ளை பால் மறந்தது. இனி இல்லை.

மறுநாள் கடை திறந்து
அளவைத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்,
வரிசை சத்தம் போடும்வரை.

போன வாரம் வட்ட வழங்கலிலிருந்து படிவம் வந்தது:
இறந்தும் நீக்காத பேர் அட்டைகளில் உண்டா?
ரோணிக்கம் அட்டையை நினைத்தேன்,
நான்கு பேரில் மூன்று பேர்தான் சாப்பிடுகிற வீடு.
மூத்தது எட்டாம் வகுப்பு.
இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அழுத்தித்தான்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை.
பட்டவர் ஓலையில் வெறும் மாதேவன்.
பதினொன்றாம் தேதி அரிசி வாங்கியதும்
வெறும் மாதேவன்.
ஒருத்தன்தான் மிச்சம் என்றான பிறகு
காதைப் பற்றி எழுதுவானேன் என்று விட்டிருக்கிறான்.
எந்த மாதேவன் என்று
மூட்டைகளுக்கு நடுவே நின்று யோசிக்கிறேன்.