மாம்பழக் காந்தம்

ஃபிரிட்ஜ் கதவில் பால் கணக்கைப் பிடித்திருந்த
மாம்பழ வடிவக் காந்தம்
மூன்று மாதமாக என் கைப்பையில் கிடக்கிறது.
பால்காரருக்கு எவ்வளவு பாக்கியென்று
வீட்டில் யாருக்கும் தெரியாது.

சக்லேஷ்பூர் காப்பித் தோட்டத்து ஏலத்தில்
நான் எடுத்த ஜீப், என்னைவிட இரண்டு வயது மூத்தது.
நான்கு சக்கரமும் இழுக்கும் என்று எழுதியிருந்தார்கள்.
இழுத்தது ஒரு லாரி,
சங்கிலி போட்டு, ஹாசன் வரை.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஏசி, சோபா, சர்க்கரை தூக்கலாக டீ.
வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்த பையன்
"இந்த மாடல் சிஸ்டத்துல இல்ல மேடம்" என்றான்.
வெளியே அது
அவர்கள் வெள்ளைத் தரையில்
எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகுதான் சந்து சந்தாக அலைச்சல்.
ஜே.சி. ரோட்டில் ஒருவர் பானெட்டைத் திறக்காமலே
"மூணு லட்சம், முப்பது நாள்" என்றார்.
அந்த மோனையை நான் நம்பவில்லை.

வில்சன் கார்டனில் ஒரு பெரிய கடை.
வாசலில் எட்டு ஜீப்புகள், டயரில் சேறு பட்டதே இல்லை,
கண்ணைப் பறிக்கும் பச்சை.
காந்தத்தை ஒரு கதவில் வைத்தேன், வழுக்கி விழுந்தது.
மட்கார்டில் வைத்தேன், விழுந்தது.
இரும்பு எங்கே இருக்கிறதென்று
வண்டி முழுக்கத் தடவிக்கொண்டிருக்கையில்
முதலாளி பார்த்துவிட்டார்.
"வண்டி பாக்க வந்தீங்களா, விளையாட வந்தீங்களா?"
நீங்கள் பட்டி பார்த்ததைப் பார்க்க வந்தேன் என்று
சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஹெப்பாள் சிக்னலில்
பக்கத்தில் வந்து நின்றது ஒரு ஜீப், இடுப்பளவு சேறு.
ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி
யார் கைவேலை என்று கத்தினேன்.
பச்சை விழுவதற்குள் பாதி முகவரிதான் கிடைத்தது:
"லிங்கராஜபுரம் பாலத்துக்குப் பின்னாடி, போர்டு கிடையாது,
வாசல்ல ஒரு நாய்..."

நாய்கள் அந்தத் தெருவில் பதினொன்று.

தகரக் கொட்டகையில், ஒரு வண்டிக்கு அடியில்,
அருமைநாதனின் கால்கள் மட்டும் தெரிந்தன.
பானெட்டில் வைத்தேன். டொக்.
கூரையில் டொக்.
நகர்ந்தபோது கீழிருந்து குரல்:
"இடது கதவுல வைக்காதீங்க, அங்க பட்டி.
ஓனர் கையில காசில்ல. பில்லுலயே எழுதியிருக்கேன்."
பில் புத்தகத்தைப் புரட்டினேன்.
எழுதியிருந்தது: இடது கதவு, பட்டி, ஒரு மழை தாங்கும்.

மறுநாள் எங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டுக்கு வந்தார்.
திருப்புளியால் சேஸிஸில் ஒரு குத்து,
வர்க்கி மாதிரி உதிர்ந்தது.
"இது நான் பாக்குறேன். கியர்பாக்ஸ் எனக்கு வராது,
கலாசிபாளையத்துல முனாவர்கிட்ட போங்க, வெள்ளிக்கிழமை போகாதீங்க.
ஸ்பிரிங் பட்டைக்கு சிவாஜிநகர்ல பச்சைநாயகி.
போர்டுல அவங்க வீட்டுக்காரர் பேரு இருக்கும்,
வேலை அவங்களுது."

இப்போது என் வண்டி ஊர் முழுக்க இருக்கிறது.
கியர்பாக்ஸ் மண்ணெண்ணெயில் ஊறுகிறது.
பட்டைகளை நெருப்பில் காட்டி வளைத்துக்கொண்டிருக்கிறாள் பச்சைநாயகி.
சீட்டுகள் எங்கே போயின என்று எனக்கே நிச்சயமில்லை.
சேஸிஸ் எட்டு செங்கல் மேல் நிற்கிறது,
அந்த நிழலில் பதினோராவது நாய்.
ஆபீஸ் விட்டதும் ஸ்கூட்டரில் போகிறேன்
ஒரே நோயாளியை வார்டு வார்டாகப் பார்க்க.

எப்போது முடியும்?
"தெரியல. டிசம்பர்ல கேளுங்க."

நேற்று அவர் கை தவறி
சேஸிஸ் குழலுக்குள் ஒரு நட்டு விழுந்துவிட்டது.
"அந்த மாம்பழத்தக் குடுங்க" என்று
நூல் கட்டி உள்ளே இறக்கினார்,
கிணற்றில் வாளி தேடுகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு.
தேடியது ஒன்று.
வந்தது இரண்டு.
மற்றது துருவேறி, வேறு அளவில்,
யாரோ எப்போதோ தவறவிட்டு
யாரிடமும் சொல்லாமல் போனது.