ஆறிலிருந்து இருபது

டாக்டர் கூவின் அட்டையில்
எண்கள் ஆறில் தொடங்குகின்றன.
சும்மா உட்கார்ந்திருப்பதற்கே ஆறு.
உயிர் போகிற மாதிரி என்றால் இருபது.
"எவ்வளவு முயன்றார், கேளுங்கள்."

கேட்க வேண்டியவள் நான்,
மணிக்கணக்கில் கூலி வாங்கும் வாய்.

மேசையில் துணி மாட்டும் கிளிப் ஒன்று.
எதிரே தண்ணீர்மலை.
பட்டர்வொர்த் பெர்ரியில் இருபத்தாறு வருடம்
கயிறு இழுத்த வலக்கை
பிசைந்து வைத்த மாவாக மடியில்.

முயற்சி என்றால்
பள்ளிக்கூடச் சுவரில் எழுதியது போலிருக்கும்.
பாடுபட்டீங்களா என்றால்
ரப்பர் காட்டிலிருந்து ஆரம்பிப்பார்.
வருத்தம் என்ற சொல்லுக்கு
உழைப்பு என்றும் ஒரு பொருள் இருந்தது;
இன்று கேட்டால் அழுதுவிடுவார்.

ரொஹானா குனிந்து சொன்னாள்:
"இக்தியார், அங்கிள், இக்தியார்."
மலாயில் அது முயல்வது.
அவள் ஓதும் அரபியிலோ
தேர்ந்தெடுப்பதாம்.
எதை?
கிளிப்பையா, விரலையா?

பெருவிரல் ஒரு நெல் அளவு நகர்ந்தது.
அல்லது நகர்ந்ததாக
மூவரும் நினைத்துக்கொண்டோம்.

"நான் எங்கம்மா தூக்கினேன்?
கைகிட்டப் போய்ச் சொல்லிட்டு வந்தேன்.
ரொம்பத் தூரம்.
கோயில் படி ஏறினப்பகூட
இவ்வளவு தூரமில்லே."

டாக்டர் பேனாவைத் திறந்து காத்திருக்கிறார்.
தூரத்துக்கு அட்டையில் எண் இல்லை.

பதினேழு என்றேன்.
அவர் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார்கள்,
நான் பட்ட பாட்டை.

தண்ணீர்மலை கிளிப்பையே பார்த்தபடி கேட்டார்:
"இன்னொரு தரம்
போயிட்டு வரட்டுமா?"