நான்காவது கடைவாய்ப்பல்

"உங்கள் அலுவலகத்திலிருந்து இந்த மாதம்
நீங்கள் நான்காவது ஆள்" என்றார் பல் மருத்துவர்.
வாய்க்குள் அவருடைய சின்னக் கண்ணாடி.
என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
கீழ்வரிசை, இடப்பக்கம்,
கடைவாய்ப்பல் நெடுக ஒரு விரிசல்.
"தூக்கத்தில் எதை மெல்லுகிறீர்கள்?"

புந்தா அரீனாசில் காற்று வலுக்கும் நாளில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டே கடந்துவிடலாம்,
தொப்பி போகும், குடை போகும், ஆள் மிஞ்சுவார்.
உள்ளே, பதிவு அலுவலகத்தில், ஒரு தாள்கூட அசையாது.
மூன்றாம் கவுன்டரிலிருந்து கழிவறை வரைக்கும்
எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது?

யெர்கோ மேலாளராக வந்தது மார்ச்சில்.
அவர் கத்தியதில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.
நாங்கள் எழுந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார்.
திரும்பி வந்து உட்கார்ந்தாலும் பார்ப்பார்.
பிறகு பச்சை நோட்டில் ஏதோ எழுதுவார்.
அவ்வளவுதான்.

பிறப்புக்கு ஆறு நிமிடம்.
திருமணத்துக்குப் பதினொன்று.
இறப்புக்கு நான்கு.
நான்கு நிமிடத்துக்குள் ஒரு கிழவர்
தன் மனைவியின் பெயரை
எழுத்து எழுத்தாகச் சொல்லி முடிக்க வேண்டும்.
அது நெல்தாவின் கவுன்டர்.
முன்பெல்லாம் ஒரு தம்ளர் தண்ணீர் தருவாள்,
அவர்கள் குடித்து முடிக்கும் வரை
வேறெங்கோ பார்ப்பாள்.
இப்போது தம்ளரில் பேனாக்கள் நிற்கின்றன.

பத்து மணிக்குக் கை மாறிக் கை மாறி
எங்களைச் சுற்றிவந்த மாத்தே குடுவை
அலமாரிக்குள் போனது.
வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை.
ஒருநாள் யாரும் எடுக்கவில்லை.
தனித்சாவுக்கு இமை துடிக்கத் தொடங்கியது அந்த வாரம்தான்
என்று நினைக்கிறேன்.
உறுதியாகச் சொல்ல முடியாது.
நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை
அதற்கு முன்பே விட்டிருந்தோம்.

சந்தியாகோவிலிருந்து படிவம் வந்தது:
பணியிடத்தில் உங்கள் மன அழுத்தம்,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.
பெயர் வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.
யார் ஊதா மை, யார் கறுப்பு மை,
யார் பென்சில் என்பது
பதினோரு பேருக்கும் தெரியும்.
பதினோரு பேரும் மூன்றில் குறியிட்டோம்.
மே மாதம் பதில் வந்தது:
சூழல் மிதமானது.

அன்றிரவு மகள் பள்ளியில் நடந்த
ஏதோ ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
நடுவில் நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்.
கோபமில்லை, அவசரமில்லை, சும்மாதான்.
அவள் பாதியிலேயே நிறுத்தி
"சரி, அவ்வளவுதான்" என்றாள்.
யார் ஜெயித்தார்கள் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

மருத்துவர் அச்செடுக்கும் மாவைக் குழைக்கப் போனார்.
அலமாரித் தட்டில் சுண்ணாம்புத் தாடைகள் மூன்று.
முதல் தாடையின் முன்பல் இடைவெளி நெல்தாவுடையது,
அவள் சிரித்து நாளாகியும் அடையாளம் தெரிந்தது.
அடுத்தது யாருடையதோ.
மூன்றாவதுதான் மிக மோசம்:
பற்களெல்லாம் தேய்ந்து
ஆற்றுக்கல் போல மழுங்கியிருந்தன.
அடியில் பென்சிலால் இரண்டே எழுத்து.
யெ. வு.

மாலை ஆறரைக்கு
அவர் அறைத் தொலைபேசி அடிப்பது நினைவுக்கு வந்தது.
தினமும் அதே நேரத்துக்கு.
உள்ளிருந்து கேட்கும் ஒரே சொல்: ஆமாம்.
ஆமாம். ஆமாம்.
அந்தப் பக்கம் இருப்பவரிடமும்
ஒரு நோட்டு இருக்கும்போல.

அதற்காக எனக்கு அவர்மேல் அன்பு வந்துவிடவில்லை.
பல் என்னுடையது, பணம் என்னுடையது.

மறுநாள் காற்று.
கயிற்றில் எனக்கு நாலடி முன்னால் யெர்கோ,
தொப்பி இல்லை, தலைமுடி ஒரே பக்கமாய்.
இருவரும் வணக்கம் சொன்னோம்,
கேட்டிருக்காது.

பதினொரு மணிக்கு நெல்தாவிடம் ஒருவர் வந்தார்.
மனைவிக்கு மூன்று பெயர்களாம்,
எதை எழுதுவது என்று அழுதார்.
நான்கு நிமிடம் ஆனது. ஏழு ஆனது. ஒன்பது.
அலுவலகம் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்தது.
யெர்கோ நோட்டைத் திறந்தார்,
பேனா மூடியைக் கழற்றவில்லை.

நான் எழுந்து அலமாரியைத் திறந்தேன்.
குடுவை காய்ந்து, உள்ளே புல் வாசனை.
தண்ணீர் கொதிக்கிறது.
முதலில் யாரிடம் நீட்டுவது என்றுதான்
இன்னும் முடிவு செய்யவில்லை.