அணைத்த பிறகும்

சுவிட்சை அணைத்துவிட்டேன்.
விளக்கின் காதில் அது விழவில்லை.
கூரையில் இன்னும் ஒரு மங்கல்,
பால் பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில்.

அரௌசா கழிமுகத்தில் அக்டோபர் மழை.
சிப்பி வளர்க்கும் மிதவைகள்
இருட்டில் ஒன்றோடொன்று முனகுகின்றன.
ஐந்தரைக்குக் கயிறு தூக்கப் போக வேண்டும்.
இரண்டு மணிக்கு நான்
ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு
பலகைக்குப் பின்னால் தலையை நுழைத்திருக்கிறேன்.

உள்ளே எல்லா வயரும் சிவப்பு.
எல்லாமே.
படகை எனக்கு விற்ற எலாதியோ
ஒரே ஒரு சுருள்தான் வாங்கியிருக்கிறான்,
அதுவும் தள்ளுபடியில்.

போன் அடித்தேன்.
வீகோ நகரத்தில், ஏழாம் மாடியில்,
ஆடாத கட்டிலிலிருந்து எடுத்தான்.
"எதுய்யா நெகட்டிவ்?"
"பாசிட்டிவ் இல்லாதது."
வைத்துவிட்டான்.

மீட்டரின் இரண்டு முனைகளால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்கிறேன்.
பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு என்றது, பிழையில்லை.
ஃபியூஸ் உயிரோடிருக்கிறது.
நெகட்டிவ் வயர்கள் கூடும் கட்டையில் மட்டும்
பச்சை பூத்திருந்தது.
கடல் பயிரிட்டது, ஆறு வருட விளைச்சல்.
உப்பை எடுக்க உப்புத்தாள்.
தேய்த்தேன், தேய்த்தேன்,
செம்பு வெட்கப்படுகிற அளவுக்கு.
மங்கல் அப்படியே இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்வரை இந்தக் கதை இல்லை.
அப்போது இருந்தவை இழை பல்புகள்,
ஓர் இரவில் பேட்டரியை வழித்து நக்கிவிடும்.
ஆனால் அணைத்தால் அணையும்,
அதைச் சொல்லத்தான் வேண்டும்.
பிறகு காம்பாதோஸ் கடையில் ஆறு எல்.இ.டி. வாங்கினேன்.
பத்து வருடம் எரியும் என்றாள் கடைக்காரி.
அணையுமா என்று நான் கேட்கவில்லை.

எரிச்சலில் விளக்கையே பிடுங்கினேன்.

சுவிட்சின் நெற்றியில் இருந்த சிவப்புப் பொட்டு
அதே நொடியில் செத்தது.

திரும்பச் செருகினேன். பொட்டு வந்தது, மங்கலும் வந்தது.
பிடுங்கினேன். இரண்டும் போயின.
மூன்றாம் முறை
மழையில் தனியாகச் சிரித்தேன்.

இருட்டில் சுவிட்ச் எங்கே என்று காட்டத்தான் அந்தப் பொட்டு.
அணைத்திருக்கும்போது மட்டும் எரிவது.
எரிய அதற்கும் மின்சாரம் வேண்டும்,
வந்தது திரும்பிப் போக ஒரு வழியும் வேண்டும்.
அது போய்க்கொண்டிருந்தது என் விளக்கின் ஊடாக,
எறும்பு வரிசை மாதிரி, இரவு முழுக்க.
இழை பல்புக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி,
தின்றதே தெரியாது.
இதற்கோ
அந்த ஒரு பொரியே விருந்து.

பொட்டின் காலை வெட்டினேன்.
டேப் சுற்றினேன்.
சரிதானா என்று பார்க்க
டார்ச்சையும் அணைத்து எங்கோ வைத்தேன்.

கறுப்பு. சுத்தமான, முழுக் கறுப்பு.
ஒரு கசிவும் இல்லை.
மழைச் சத்தத்துக்குக்கூட நிறமில்லை.
ரொம்ப நேரம் அதற்குள் உட்கார்ந்திருந்தேன்,
கூலி வாங்கியவளைப் போல.

பிறகு எழுந்து கை நீட்டினால்
சுவிட்ச் எங்கே?

ஈரப் பலகை. யாரோ அறைந்த ஆணி.
ரேடியோவின் குமிழ். தொங்கும் கையுறை.
இதோ என்று ஒன்றை அழுத்தினேன்.

ஹாரன்.

கழிமுகம் முழுக்க அலறி ஓய்ந்தபோது
பக்கத்துப் படகில் ஒரு விளக்கு எரிந்தது.
"உஷியா!" என்று தொடங்கி ப்ரெய்ஷோ
என் பெயரோடு இன்னும் பல பெயர்களைச் சேர்த்தான்.

அவன் வெளிச்சத்தில்தான் பார்த்தேன்.
என் சுவிட்ச்,
முழங்கைக்குப் பக்கத்தில்.