இடப்பக்கக் கதவு

சனிக்கிழமை பத்து மணிக்கு
சாப்பாட்டறை மூலை மேசையில்
கழுத்துப்பட்டி கட்டி வந்து அமர்வார்
வில்ஃப்ரெட் ஆர்மராட்.
காலில் வீட்டுச் செருப்பு.

பத்தொன்பது ஆண்டு
லங்காஷயரின் ஒரு மழை ஊருக்கு நாடாளுமன்ற உறுப்பினர்.
அதில் ஆறு மாதம் துணை அமைச்சர்,
கால்வாய்களுக்கும் கழிவுநீருக்கும்.
"மிச்சமெல்லாம் பின்வரிசை" என்பார்,
கடைசி வாங்கில் இருந்தே பள்ளிக்கூடம் முடித்தவனின் சிரிப்போடு.

இப்போது மகள் வாழும் ஜீலாங்கில்
கடல் தெரியாத பக்கத்து அறை.
ஆனாலும் தொகுதி தொகுதிதான்.
அவர்கள் ஊரில் குறைகேட்கும் நேரத்துக்கு
சர்ஜரி என்று பெயராம்.
கத்தி இல்லை, பேனா.
எட்டாம் அறை மிஸஸ் பாப்பாஸுக்கு வெந்நீர் சுடவில்லை.
காது கேளாத கப்டனுக்கு
பக்கத்து அறைத் தொலைக்காட்சியின் சத்தம் தாங்கவில்லை.
ஒருத்தி, குறையொன்றுமில்லை,
வரிசையைப் பார்த்தேன், நின்றேன் என்றாள்.
அதையும் குறித்துக்கொண்டார்.
கவனிக்கிறேன் என்று ஒருவருக்கும் சொல்லமாட்டார்.
எழுதிவிடுகிறேன் என்பார்.

நான் சமையற்கட்டில் கோப்பை கழுவுகிறவன்.
தேத்தண்ணி வைக்கப் போனேன்.
"அடுத்தது?" என்று நிமிர்ந்தார்.
கையில் ஈரத்தோடு சொன்னேன்:
பதினொரு வருடம் ஐயா.
பாலம் என்று பெயர் வைத்து ஒரு விசா.
அக்கரையைக் கட்ட மறந்துவிட்டார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
தயாபரன் என்பதை
ஒவ்வோர் எழுத்தாய்க் கேட்டு எழுதினார்.
விசாரணை அதிகாரிக்குப் பிறகு
இந்த நாட்டில் என் பெயரை
அவ்வளவு பொறுமையாய்க் கேட்டவர் அவர்தான்.

ஏழு கிழமை கழித்து கன்பராவிலிருந்து பதில்.
தங்கள் கடிதம் கிடைத்தது.
அதன் உள்ளடக்கம் கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது.
யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"நல்ல வசனம்.
நானே நாலாயிரம் தடவை கையெழுத்திட்டிருக்கிறேன்.
இதற்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்."
என்ன என்று நான் கேட்கவில்லை.
இன்னொரு தாளை எடுத்தார்.

இருநூற்றுப் பதினொரு வாக்கில் தோற்றவர்.
அந்த வாக்குகள் எந்தெந்தத் தெருவில் விழாமல் போயின
என்று இன்றும் சொல்வார்.
மழை, என்பார் சிலநாள்.
அன்றைக்குக் கால்பந்து, என்பார்.
ஒரேயொரு நாள், சூப் ஆறிக்கொண்டிருக்க,
ஆஸ்பத்திரி, என்றார்.

ஊருக்கிருந்த ஒரே ஆஸ்பத்திரியை மூடும் மசோதா.
மூன்று கோடு கிழித்துக் கொறடா அனுப்பிய தாள்.
எட்டு நிமிடம் மணி அடிக்கும்.
ஆம் என்போர் வலப்பக்கம், இல்லை என்போர் இடப்பக்கம்.
"என் கால் இரண்டும் இடப்பக்கம்தான் பார்த்தன.
யாரோ தோளில் கை போட்டு
வானிலை பற்றிக் கதைத்தபடி கூட்டிப்போனார்கள்.
மிகவும் அன்பாக."

மாசியில், வடகாற்று அனலாய் வீசிய ஒரு செவ்வாய்,
தீ ஒத்திகை மணி.
எல்லோரும் வலப்பக்க வாசலால்:
சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள்,
ஒற்றைச் சப்பாத்தோடு கப்டன்.
புல்வெளியில் தாதி பெயர் பார்த்து எண்ணினாள்.
ஒருவர் குறைந்தார்.

உள்ளே ஓடினேன்.
நடைக்கூடத்தின் இடப்பக்க முனையில்
சலவை அறைக் கதவைப் பிடித்தபடி
நேராக நின்றார்.

"வழி அந்தப் பக்கம் ஐயா."
"தெரியும். எண்ணுகிறார்களா?"
"எண்ணுகிறார்கள்."
"என்னை இங்கே எண்ணச் சொல்."

மணி நிற்கவில்லை.
அவர் தோளுக்காகத் தூக்கிய கையை
ஏப்ரனில் துடைத்தேன்.
பிறகு, எந்த நாட்டிலும் வாக்கில்லாதவன்,
கதவோரம் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

திரும்பிப் பார்க்காமல்,
"இரண்டு" என்றார்.