மற்றவை

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டால்
வைதோதஸ் எப்போதும் "நல்லாத்தான்" என்பார்.
துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர்.
டாக்டரும் எழுதிக்கொள்வார்:
மரமரப்பு, லேசாக. ஒன்று.

வியாழக்கிழமை ராத்திரி
டேப்லெட்டுக்கு மட்டும் அவர் வேறு ஆள்.
கடந்த ஏழு நாளில் கைவிரல் மரத்ததா?
மூன்று.
சட்டைப் பொத்தான்?
மூன்று.
சாப்பாட்டு ருசி? அதை விட்டுவிட்டார்.

கடைசியில் 'மற்றவை' என்றொரு கட்டம்.
பெரும்பாலும் காலியாகத்தான் வரும்.
அவர் எழுதியிருந்தார்:
"புயலுக்கு மறுநாள் கரைக்குப் போனேன்.
கூழாங்கல் சில்லிடும், அம்பர் சில்லிடாது;
அப்படித்தான் இருட்டிலும் பொறுக்குவேன்.
இப்போது எதைத் தொட்டாலும் ஊசி.
பை நிறையக் கல்லோடு வந்தேன்."

க்ளைபேடாவில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.
இதைப் போட என் அட்டவணையில் பத்தி இல்லை.
எண்ணாக மாற்றத்தான் எனக்குச் சம்பளம்.
மாற்றாமல் நர்ஸ் யோவிதாவுக்கு அனுப்பினேன்.
காலை எட்டுக்கு அவள் போன் செய்தாள்;
அடுத்த சுற்றில் ஒரு மருந்தை நிறுத்தினார்கள்.

பிறகு பழையவற்றைத் தோண்டினேன்.
இருநூற்றுப் பதினொரு பேர்.
காலிக் கட்டங்களுக்கு நடுவே
ஒருத்திக்கு மீனின் செதில் தட்டுப்படவில்லை,
ஒருவருக்குப் பியானோ முழுக்க ஒரே கட்டை.
பக்கத்திலேயே டாக்டர்கள் போட்ட ஒன்றுகள்,
வரிசையாக, சமர்த்தாக.

புதுப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது:
தொட்டால் சூடும் குளிரும் தெரிகிறதா?
யாருடைய கேள்வி என்று அதில் இல்லை.

மே மாதம் வைதோதஸ் குறித்தது இரண்டு.
மற்றவை: "பொறுக்கியது ஐந்து.
பல்லில் தட்டிப் பார்த்தேன்.
ஒன்று அம்பர்."